அடுத்தது எந்த மரத்துக் கள்ளு?

லண்டனுக்கு வந்துசேர்ந்த முதல் வருடங்களில் எங்களிற் சிலருக்கு மாலை வேளைகளில் விருந்து மண்டபமொன்றிற் கோப்பை கழுவும் வேலை கிடைத்தது. மாதத்தில் ஒருநாள் அங்கே வைன் பிரியர்கள் பதினைந்து இருபது பேர் கூடுவார்கள். அன்றைக்கு எங்களுக்கு வேலை கூட. போத்தல்களைப் பழுப்புக் கடதாசியாற் சுற்றி, கழுத்தில் இலக்கச் சீட்டுக் கட்டி வரிசையாக வைக்க வேண்டும். எந்த இலக்கத்துக்கு எந்த வைன் என்பது பொறுப்பாளருக்கு மட்டுமே தெரியும். கையிலிருப்பதை மணந்து, வாயில் உருட்டி, வாளியில் துப்பி முடிப்பதற்குள்ளேயே அடுத்ததைப் பற்றிய வாக்குவாதம் தொடங்கிவிடும். இனி வரப்போவது பேர்கண்டி என்பார் ஒருவர். இல்லை, இன்றைக்கு முழுக்கப் பேர்டோதான், வருடம்தான் பின்னோக்கிப் போகிறது என்பார் மற்றவர். ஏதாவது பிடிபடுகிறதா என்று சில வேளைகளில் எங்களுடைய முகத்தையும் பார்ப்பார்கள். எங்களுக்கோ அந்தப் பெயர்களை எழுத்துக்கூட்டி வாசிக்கவும் தெரியாது.

ஓரிரவு, கடைசிப் பஸ்ஸில் திரும்பும்போது எங்களில் ஒருவர் சொன்னார்: "உது எங்கடை பனங்கூடலுக்குள்ளை நடக்கிற விளையாட்டுத்தானே." எல்லோரும் சிரித்தோம். ஆனால் அந்தச் சொல் எங்களை விட்டுப் போகவில்லை. இத்தனை வருடங்களுக்குப் பிறகு அதையே கொஞ்சம் விரித்துப் பார்க்கிறோம்.

அடுத்து என்ன வரும் என்று ஊகிப்பது குருட்டுச் சூதல்ல. ஊற்றும் வரிசைக்கு ஒரு வழமை உண்டு. பெரும்பாலும் வெள்ளைக்குப் பிறகு சிவப்பு, மென்மையானதற்குப் பிறகு கனதியானது, இனிப்பானது கடைசி. ஒரே தோட்டத்தின் வெவ்வேறு வருடங்களை ஒருநாளும், ஒரே வருடத்தின் வெவ்வேறு தோட்டங்களை இன்னொரு நாளும் வைப்பார்கள். முதல் இரண்டு கிண்ணங்களில் அன்றைய ஒழுங்கைப் பிடித்துக்கொண்டவர் மூன்றாவதைக் குடிக்காமலே பாதி சொல்லிவிடுவார். போத்தலின் உருவமும் காட்டிக்கொடுக்கும். பேர்டோப் போத்தலுக்கு நிமிர்ந்த தோள். பேர்கண்டிப் போத்தலின் தோள் சரிந்திருக்கும். றைன் நதிப் பக்கத்து ஜேர்மன் போத்தல் ஒல்லியாய் நெடுத்திருக்கும். கடதாசி சுற்றுவது இதற்காகத்தான். அதிலும் நம்பிக்கையில்லாதவர்கள் வேறு குடுவைக்கு மாற்றி ஊற்றுவார்கள். லென் எவன்ஸ் என்ற அவுஸ்திரேலியர் இதை ஒரு போட்டியாகவே ஒழுங்குபடுத்தினார். இது பிரான்ஸா அவுஸ்திரேலியாவா, இந்த வருடமா அந்த வருடமா என்று கேள்வி கேட்டுக்கொண்டு போக, பிழைத்தவர்கள் விலக, கடைசியில் நிற்பவர் வெல்வார்.

இந்த வித்தை லண்டனில் ஏன் இவ்வளவு வேரூன்றியது? லண்டன் வைன் விளைந்த ஊரல்ல, வைன் வந்திறங்கிய ஊர். பேர்டோவை உள்ளடக்கிய அக்கித்தேன் பிரதேசம் 1154 முதல் 1453 வரை இங்கிலாந்து அரசர்களின் கையிலிருந்தது. தேம்ஸ் நதியோரத்து வைன் வணிகர் சங்கத்துக்கு மூன்றாம் எட்வேர்ட் 1363இற் பட்டயம் கொடுத்தான். விளைவித்தவனுக்குத் தன் தோட்டம் ஒன்றைத் தெரிந்தாற் போதும். வாங்கி விற்பவனுக்கோ நூறு தோட்டங்களைப் பிரித்தறியத் தெரிய வேண்டும். 1663ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் திகதி, லொம்பார்ட் தெரு மதுச்சாலையொன்றில் ஓ பிரியோன் என்ற தோட்டத்து வைனைக் குடித்ததாகச் சாமுவேல் பீப்ஸ் தன் நாட்குறிப்பில் எழுதினார். பெயரைப் பிழையாகத்தான் எழுதினார். ஆனாலும் வெறுமனே வைன் என்று எழுதாமல், இன்ன தோட்டத்து வைன், இன்ன சுவை என்று எழுதியது அன்றைக்குப் புதிது.

அக்காலத்து லண்டனில் ஏலமும் ஓர் ஊகந்தான். ஓர் அங்குல மெழுகுவர்த்தியைக் கொளுத்தி வைப்பார்கள். சுடர் அணையும்போது யாருடைய குரல் கடைசியாக ஒலித்ததோ அவருக்கே பொருள். 1662இற் கப்பல்களை இப்படி ஏலம்விட்டபோது ஒருவர் மட்டும் நேரம் பார்த்துக் கூவி வென்றுகொண்டிருந்தாராம். அணையும் தறுவாயிற் புகை கீழ்நோக்கிச் சரியும் என்பதுதான் அவருக்குத் தெரிந்த இரகசியம் என்று பீப்ஸ் குறித்து வைத்திருக்கிறார். 1766 டிசெம்பர் 5இல் ஜேம்ஸ் கிறிஸ்டி நடத்திய முதலாவது ஏலத்திலேயே வைனும் இருந்தது. 1805இல் வொப்பிங்கில் திறக்கப்பட்ட லண்டன் துறைமுகத்தின் கீழே வைனுக்கென்று பெரும் நிலவறைகள் கட்டப்பட்டன. சுவைபார்க்கும் அனுமதிச்சீட்டு வைத்திருப்பவர்கள் விளக்கோடு இறங்கிப் பீப்பாய் பீப்பாயாக ருசிபார்த்து வருவார்கள். இன்று எங்களவர் நிறைந்திருக்கும் ஈஸ்ற்ஹாமிலிருந்து வொப்பிங் சில மைல் தூரந்தான்.

நாக்கின் அறிவு ஒரு பட்டமாக மாறியது 1953இல். அந்த வருடம் வைன் வணிகர் சங்கத்தின் மண்டபத்தில் 'மாஸ்டர் ஒஃப் வைன்' பரீட்சை முதன்முதலில் நடந்தது. 21 பேர் எழுத 6 பேர் சித்தியடைந்தார்கள். இன்றைக்கும் அதன் செய்முறைப் பரீட்சையில் மூன்று தாள்களில், தாளுக்குப் பன்னிரண்டாக 36 வைன்கள் பெயர் மறைத்து வைக்கப்படும். திராட்சை எது, ஊர் எது, எப்படிச் செய்தார்கள், எந்த வயது என்று காரணத்தோடு எழுத வேண்டும். அந்த அறிவும் எல்லோருக்கும் திறந்த வாசலாக இருக்கவில்லை. முதற்பெண் 1970இல்தான் உள்ளே வந்தார். பிரித்தானியாவுக்கு வெளியிலிருந்து முதலாமவர் 1988இல். இந்தியாவிலிருந்து முதலாவதாக அந்தப் பட்டத்தைப் பெற்ற சோனல் ஹொலண்ட் 2016இல். 1966இற் கிறிஸ்டீஸின் வைன் பிரிவைப் பொறுப்பேற்ற மைக்கேல் புறோட்பென்ற், குடித்ததையெல்லாம் சின்னச் சிவப்புக் கொப்பிகளிற் குறித்துக்கொண்டே வந்தார். பல்லாயிரம் குறிப்புகள் சேர்ந்து 1980இற் பெரிய புத்தகமாயின. இவ்வளவு இருந்தும் அவர்கள் பிழைவிடுவார்கள் என்பதையும் சொல்லவேண்டும். கடைசியாக எப்போது பேர்கண்டியைப் பேர்டோ என்று மாறிச் சொன்னீர்கள் என்று ஹரி வோ என்ற பெரிய நிபுணரிடம் கேட்டதற்கு, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு இன்னும் இல்லை என்றாராம்.

வைன் எங்களுக்குப் புதிய சரக்கு என்று நினைத்தாலும் பிழை. புறநானூற்றின் 56ஆம் பாட்டில் நக்கீரர் பாண்டியன் நன்மாறனுக்கு யவனர் கொணர்ந்த மணமுள்ள தேறலைப் பற்றிப் பாடுகிறார். புதுச்சேரிக்குப் பக்கத்திலுள்ள அரிக்கமேட்டில் 1945இல் அகழ்வு நடத்திய மோட்டிமர் வீலர், அந்தத் தேறல் வந்த இருகைப்பிடிச் சாடிகளின் ஓடுகளை மண்ணிலிருந்து எடுத்தார். அதற்கு முன் லண்டன் அருங்காட்சியகத்தை நடத்தி, உரோமர் கால லண்டனைப் பற்றி எழுதியவரும் அதே வீலர்தான். அப்படியான சாடி ஓடுகள் லண்டன் மண்ணிலும் ஏராளம். ஒரு காலத்தில் இந்த ஊரும் எங்கள் கரையும் ஒரே மத்தியதரைக் கடலிலிருந்து வைனை இறக்கிக் குடித்தன. இரண்டிடத்திலும் குடித்தவர்கள் எது எவ்வூர்ச் சரக்கு என்று சண்டை பிடித்திருக்கமாட்டார்களா?

இனிப் பனங்கூடலுக்கு வருவோம். பாளையைக் காலையும் மாலையும் சீவி முட்டி கட்டுவதும், சுண்ணாம்பு தடவினாற் கருப்பநீர், தடவாவிட்டாற் கள்ளு என்பதும் வாசகர்களுக்குத் தெரிந்ததே. இறக்கிய முட்டிகளோடு சீவல் தொழிலாளி வேலியோரம் குந்தியிருக்க, சுற்றியிருப்பவர்கள் பிளாவைக் கையில் ஏந்திக்கொண்டு ஊகிப்பார்கள்: இது கிணத்தடிப் பனை, இது மேட்டுக்காணிப் பனை, அடுத்தது அந்த ஒற்றைப் பனையாய்த்தான் இருக்கும். ஆண்பனைக் கள்ளா பெண்பனைக் கள்ளா என்று பந்தயமும் நடக்கும். தீர்ப்புச் சொல்பவர் மரமேறியவர். ஒரு மிடறில் மரத்தையும், முதல்நாள் இரவு பனி பெய்ததா காற்று அடித்ததா என்பதையும் சொல்லக்கூடியவர்களை எங்களிற் பலர் கண்டிருக்கிறோம். மண்டபத்தில் நாங்கள் கண்டது இதே வித்தை.

அப்படியானால் இவர்களுக்குப் பட்டம், அவர்களுக்கு ஏன் பட்டம் இல்லை? கள்ளின் இயல்பு ஒரு காரணம். இறக்கிய கணத்திலிருந்து புளிக்கத் தொடங்கி ஒரு நாளிற் பழுதாகிவிடும் பொருளை நிலவறையில் வைத்து வருடம் சொல்ல முடியாது. பிரித்தானியர் காலத்து இலங்கையில் ஏலம் போனது கள்ளின் சுவையல்ல, சாராயத்தையும் கள்ளையும் விற்கும் உரிமை. அந்தக் குத்தகையால் முதலாளிகள் உருவானார்கள். மரம் ஏறியவர் மரத்திலேயே நின்றார்.

ஆனால் பெரிய காரணம் நாங்கள்தான். அவர் சீவிய கள்ளைக் குடித்த கைகளே அவருக்குச் சிரட்டையில் தண்ணீர் வார்த்தன. 1957இற் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்த பிறகும் தேநீர்க்கடை வாங்கும் கோயில் வாசலும் பூட்டியே இருந்தன. 1966 ஒக்ரோபரிற் சுன்னாகத்திலிருந்து புறப்பட்ட ஊர்வலமும் 1968இன் மாவிட்டபுரமும் அதனாலேயே தேவைப்பட்டன. வீட்டு முற்றத்துக்கு வரவிடாத ஒருவரிடம் கொப்பியோடு போயிருந்து, அண்ணை, இந்த மரத்துக்கும் அந்த மரத்துக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டு எழுத யாருக்குத் தோன்றும்? பீப்ஸ் மதுச்சாலையிற் குடித்ததை வெட்கப்படாமல் எழுதினார். எங்கள் படித்தவர்கள் கள்ளை இரகசியமாகக் குடித்தார்கள், ஆனபடியால் எழுதவில்லை.

பஸ்ஸில் அந்த வார்த்தையைச் சொன்னவர் ஒரு சீவல் தொழிலாளியின் மகன். எங்களோடு ஒரே அறையில் நான்கு வருடம் இருந்தும் அவர் அதைச் சொல்லவில்லை. சொன்னது பல வருடங்கள் கழித்து, தகப்பனாரின் மரணச் செய்தி வந்த அன்று. அன்றிரவு பஸ்ஸில் நாங்கள் சிரித்தபோது அவரும் சிரித்தார். நாங்கள் எதற்காகச் சிரிக்கிறோம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அவர் ஏன் சிரித்தார் என்று நாங்கள் கேட்கவில்லை. ஐயா ஏறிய பனைகள் யுத்தத்திற் பங்கருக்குத் தறிபட்டுப் போயின என்றார். எந்தப் பனையில் என்ன ருசி என்று ஐயாவுக்குத் தெரியும், தனக்குப் பாதிதான் தெரியும், தன் பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியாது என்றும் சொன்னார்.

இப்போது அவருக்கு லண்டனில் ஒரு மதுக்கடை இருக்கிறது. சனிக்கிழமைகளில் வெள்ளைக்காரர் வந்து இறைச்சிக்கு எது, மீனுக்கு எது என்று அவரிடம் கேட்டு வாங்கிப் போகிறார்கள். அவர் சொன்னாற் பிழைக்காது என்ற பெயர் அந்தத் தெருவில் உண்டு. அந்தப் பாதியையாவது எழுதித் தரும்படி கேட்டிருக்கிறோம். யோசிக்கிறார். பெயர் போடாமல் எழுதலாமா என்று கேட்கிறார். அதற்கு என்ன பதில் சொல்வதென்று நாங்களும் யோசித்துக்கொண்டிருக்கிறோம். வாசகர்களில் யாருக்காவது மரங்களின் பெயரும் ருசியும் நினைவிருந்தால், அறிந்தவர்கள் இன்னும் உயிரோடிருக்கும்போதே கேட்டு எழுதியனுப்புங்கள்.