தூது செல்லும் தமிழ்: சிற்றலை முதல் இணையம் வரை

1941ஆம் ஆண்டு மே மாதத்தின் முதல் வாரத்திலிருந்து இவ்வுரையைத் தொடங்குவோம். மே 3ஆம் நாள் இலண்டனிலிருந்து பிபிசியின் தமிழ் ஒலிபரப்பு தொடங்கிற்று. போர்க்காலத்தில் தமிழ் மக்களின் ஆதரவை நாடிய பிரித்தானியா, அவர்தம் மொழியிலேயே பேச முற்பட்டது. மே 5ஆம் நாள், காப்பாரை உள்ளடக்கிய இதே கிள்ளான் மாவட்டத்தில், தோட்டத் தொழிலாளர் தலைவர் ஆர். எச். நாதன் கைது செய்யப்பட்டார். 'தமிழ் நேசன்' நாளிதழின் துணையாசிரியராகப் பணியாற்றிய அவர், பின்னர் இந்தியாவிற்கு நாடு கடத்தப்பட்டார். சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி, பிள்ளைகளுக்குக் கல்வி, கள்ளுக்கடை மூடல், துரைமாரைக் கண்டால் மிதிவண்டியைவிட்டு இறங்கவேண்டும் என்னும் வழக்கத்தின் ஒழிப்பு ஆகியன வேலைநிறுத்தக் கோரிக்கைகளுள் சில. தமிழில் பேசத் தொடங்கிய பேரரசு, அதே வாரத்தில் தமிழர் பேச்சுக்குச் செவிகொடுக்க மறுத்தது.

அரசு அரசோடு பேசுவது தூதுறவு. அரசு மக்களோடு நேரே பேசி அவர்தம் எண்ணத்தைத் தன்பால் ஈர்க்க முனைவது பொதுத் தூதுறவு. இருபதாம் நூற்றாண்டில் இதற்கு வாய்த்த பெருங்கருவி சிற்றலை வானொலி. மாஸ்கோவும் தமிழில் பேசிற்று. 1963இல் பெய்ஜிங்கும் தமிழ் ஒலிபரப்பைத் தொடங்கியது. தமிழ்ப் பெயர் சூடிய சீன அறிவிப்பாளரின் குரலை நேயர்கள் வியந்து கேட்டனர். ஆயினும் நேயரின் மறுமொழி அஞ்சலில் சென்று சேர நாள் பல ஆகும். எக்கடிதத்தை வாசிப்பது என்பதும் நிலையத்தாரின் விருப்பமே.

இந்நிலையை மாற்றிய இணையத்திற்குள் நுழையத் தமிழுக்கு முதலில் எழுத்துரு வேண்டியிருந்தது. 1980களில் நம் நாட்டவரான முத்து நெடுமாறன் 'முரசு' செயலியை உருவாக்கினார். எனினும் குறியாக்கங்கள் பலவாக இருந்தமையால், ஓர் எழுத்துருவில் எழுதிய மடல் மற்றொருவர் கணினியில் பொருளற்ற குறிகளாகத் தோன்றிற்று. இச்சிக்கலைத் தீர்க்க 1997இல் சிங்கப்பூரிலும், 1999இல் சென்னையிலும், 2001இல் கோலாலம்பூரிலும் அறிஞர்கள் கூடினர். பல நாட்டுத் தமிழரின் கூட்டுழைப்பும் ஒருங்குறியின் பரவலும் தமிழைக் கணினிதோறும் படிக்கத்தக்கதாக்கின. எல்லை கடந்த இம்முயற்சியும் ஒருவகைப் பொதுத் தூதுறவே எனலாம்.

2017 ஏப்ரல் 30ஆம் நாள் பிபிசி 'தமிழோசை'யின் வானொலி ஒலிபரப்பு நிறைவுற்றது. அப்பணி இணையத்தில் தொடர்கிறது. இன்று ஒரு செய்தியின் கீழ் காப்பார் மாணவர் அந்நொடியே மறுமொழி எழுதலாம். ஆனால் எழுதப்படும் மறுமொழியெல்லாம் கேட்கப்படும் மறுமொழி ஆகிவிடாது. எதை முன்னிறுத்துவது, எதைப் பின்தள்ளுவது என்பதைத் தளங்களின் கணிப்புமுறைகள் முடிவுசெய்கின்றன. பார்வை எண்ணிக்கையைச் செவிசாய்த்தல் எனக் கொள்வது பிழை.

மற்றொரு மாற்றம் மொழியியலாருக்கு மேலும் கவலை தருவது. 2011இல் கூகுள் மொழிபெயர்ப்பில் தமிழ் இடம்பெற்றது. தமிழறிந்த ஒருவரும் இல்லாமலே ஒரு தூதரகம் தமிழில் அறிக்கை வெளியிடுவது இன்று இயலும். பொறி தனக்குக் கிடைத்த எழுத்துகளிலிருந்தே மொழியைக் கற்கிறது. நம் தோட்டத்து வழக்கான 'பால்மரம்', 'மண்டோர்' போன்ற சொற்களையும், காலையுணவைக் குறிக்கும் 'பசியாறல்' என்பதையும் நாம் எழுதிவைக்காவிடின், நம்மை நோக்கி வரும் தமிழில் நாம் இருக்கமாட்டோம். நம் மறுமொழியைப் படிக்கும் பொறிக்கும் அது விளங்காது.

தமிழில் தூது ஒரு சிற்றிலக்கிய வகை. மதுரைச் சொக்கநாதரிடம் தமிழையே தூதனுப்புவது 'தமிழ்விடு தூது'. தூது சென்றோர் தலைவனிடம் மாலை பெற்று மீளவேண்டும் என்பது அவ்விலக்கிய மரபு. மறுமொழி பெறாத தூது நிறைவுறாத தூது என்பதே இதன் உட்பொருள். 1941இல் நம் முன்னோர் மறுமொழி கூறினர்; அதற்குச் சிறைக்கதவு திறந்தது. இன்று மறுமொழிக்கு வாயில் திறந்திருக்கிறது. ஆசிரியர்கள் தத்தம் பள்ளி வட்டாரத்துத் தோட்ட வரலாற்றையும் வழக்குச் சொற்களையும் மாணவரைக்கொண்டு திரட்டி, ஒருங்குறியில் எழுதுவித்து, யாவரும் காணப் பொதுவெளியில் வைத்தல் வேண்டும். பிறர் நம்மொடு பேசும் தமிழில் நம் குரலும் ஒலிக்க அதுவே வழி.