இல்லாமற்போன வீட்டை வரைதல்: ஓவியர்களிடம் கற்க வேண்டியவை

கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனைப் பாடசாலைகளில் சித்திரம் ஒரு பாடம். ஆனால் பெயர்பெற்ற ஓவியர் ஒருவரின் படைப்பை நேரில் பார்க்கும் வாய்ப்பு எங்கள் பிள்ளைகளுக்கு மிகக் குறைவு. கொழும்பு 300 கிலோமீற்றருக்கு அப்பால் இருக்கிறது. உயிருள்ளவற்றின் உருவத்தை வரையலாமா என்ற கேள்விக்கும் எங்கள் வீடுகளில் ஒரே பதில் இல்லை. இவற்றுக்கு நடுவிலும் நம் நாட்டு ஓவியர்களிடமிருந்து கற்க நிறைய உண்டு. அதில் மூன்றை மட்டும் இங்கே சொல்கிறேன்.

நினைவிலிருந்து கடல்

1943இல் கொழும்பில் தொடங்கிய '43 குழுவில் ஜோர்ஜ் கீற், ஜஸ்ரின் தெரணியகல ஆகியோருடன் இருந்தவர் ஐவன் பீரிஸ் (1921–1988). தெஹிவளைக் கரையில் வளர்ந்த அவர் 1953இல் இங்கிலாந்து போய் அங்கேயே வாழ்ந்தார். ஆனாலும் இறுதிவரை அவர் வரைந்தது பெரும்பாலும் இலங்கையின் கடற்கரையைத்தான். கரை, நீர், வானம் என்று ஒரு சில பட்டைகளுக்குள் காட்சி முடிந்துவிடும். தேவையற்றதை விட்டுவிடுவது எப்படி என்பதை அவரிடம் கற்கலாம். கொழும்பு பார்ன்ஸ் பிளேஸில் ஓவியர் ஹரி பீரிஸ் வாழ்ந்த வீடு இன்று சபுமல் மன்றமாக இருக்கிறது. '43 குழுவினரின் ஓவியங்களை அங்கே பார்க்கலாம். கொழும்புக்குப் போகிறவர்கள் பிள்ளைகளையும் கூட்டிச் செல்லுங்கள்.

ஆசிரியரிடமிருந்து மாணவருக்கு

யாழ்ப்பாணத்து ஓவியர் அ. மாற்கு (1933–2000) பாடசாலை ஆசிரியர். விடுமுறை நாட்களிலும் ஓவியம் கற்பித்தார். அவருடைய மாணவர்களில் ஒருவரான வாசுகி மட்டக்களப்பில் வாழ்கிறார். யுத்தத்திலும் வீட்டுக்குள்ளும் பெண்கள் படும் பாடு அவரது ஓவியங்களில் திரும்பத் திரும்ப வருகிறது. கல்முனையிலிருந்து மட்டக்களப்பு 40 கிலோமீற்றர் அளவுதான். எங்களுக்கு இன்னும் கிட்டிய ஊர்க்காரர் ஒருவரும் உண்டு: அக்கரைப்பற்றைச் சேர்ந்த கவிஞர் றஷ்மி ஓவியரும்கூட. தமிழ் நூல்கள் பலவற்றின் அட்டைகள் அவருடையவை. ஊர் நூலகத்தில் புத்தகம் எடுக்கும்போது அட்டையை யார் செய்தது என்று உள்ளே பாருங்கள். ஓவியம் பார்க்கப் பழக அது போதும்.

வீட்டின் வரைபடம்

மாற்குவின் இன்னொரு மாணவர் தா. சனாதனன், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கற்பிப்பவர். 'முற்றுப்பெறாத தோம்பு' என்று பொருள்படும் அவரது ஆங்கில நூல் 2011இல் வெளியானது. தோம்பு என்பது போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் வைத்திருந்த காணிப் பதிவேடு. வடக்கில் இடம்பெயர்ந்த தமிழ் பேசும் மக்கள் 80 பேரிடம், இழந்த வீட்டின் வரைபடத்தை நினைவிலிருந்து போட்டுத் தரும்படி கேட்டார். அவர்கள் வரைந்ததும், கட்டடக்கலை முறைப்படி திருத்தி வரைந்ததும், அதைத் தொடர்ந்து அவர் தீட்டிய ஓவியமும் அந்த நூலில் அடுத்தடுத்து வருகின்றன. வரையத் தெரியாதவர்கள் இட்ட கோடுகளும் அங்கே ஓவியருடையவற்றுக்குச் சமமாக நிற்கின்றன.

எங்கள் கரைக்கு மிகவும் பொருந்துவது இந்த மூன்றாவது வழிதான் என்று நினைக்கிறேன். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை வீடுகளோடு உறுதிகளையும் படங்களையும் கொண்டுபோனது. அதன்பின் கிழக்கில் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் மீளக் கட்ட முதலில் தடை விதிக்கப்பட்டது. பழைய வளவுக்குத் திரும்பாதவர்கள் பலர். 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களுக்கும், யுத்தத்தில் ஊர்விட்டு ஊர் ஓடிய தமிழர்களுக்கும் இப்படி ஒரு வீடு உண்டு. வீட்டின் வரைபடத்தில் முகங்கள் இல்லை என்பதால் உருவம் பற்றிய தயக்கமும் எழாது.

செய்முறை எளிது. ஒரு தாளும் பென்சிலும் எடுத்து உம்மம்மாவிடமோ மூத்தப்பாவிடமோ கொடுங்கள். கடப்படி எங்கே, கிணறு எங்கே, குசினிக் கதவு எந்தப் பக்கம், முருங்கை எந்த மூலையில் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். அவர்கள் போடும் கோட்டைத் திருத்த வேண்டாம். தாளின் பின்புறம் பெயரையும் ஊரையும் திகதியையும் எழுதுங்கள். பிறகு பிள்ளை அதைப் பார்த்துத் தன் கையால் இன்னொரு முறை வரையட்டும்.

அந்த வீடுகளில் வளர்ந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். இதை அடுத்த விடுமுறைக்கென்று தள்ளிப்போட வேண்டாம்.