கணக்கு என்ற சொல்லின் கணக்கு

பிரிக்பீல்ட்ஸ் கடையில் ஒருவர் "கணக்கா வந்துட்டீங்க" என்றால், சரியான நேரத்தில் வந்தீர்கள் என்று பொருள். "கணக்கா பேசுறாரு" என்றால்? அளந்து பேசுகிறார். "கணக்கில்லாமல்" என்றாலோ எல்லையே இல்லை! எண்ணையும் துல்லியத்தையும் ஒரே சொல் சுமக்கிறது.

எழுத்தையும் சுமந்திருக்கிறது. பதினெண்கீழ்க்கணக்கில் இருப்பவை நூல்கள். பழந்தமிழில் கணக்காயர் என்றால் ஆசிரியர். மலாய் மொழியின் 'கிரா'வும் எண்ணுவதுதான். ஆனால் 'கிரா-கிரா' என்று இரட்டித்தால் அந்தக் காலத்துப் பள்ளிக் கணக்குப் பாடமும் ஆகும், 'ஏறக்குறைய' என்றும் ஆகும். வேடிக்கைதான்!

2003 ஜனவரியில் வந்தது வேடிக்கையல்ல. முதலாம் ஆண்டு மாணவர்களுக்குக் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்துக்கு மாறின, தமிழ்ப்பள்ளிகளும் விலக்கல்ல. கிள்ளான் பிள்ளைக்கு 'வகுத்தல்' பாட்டியின் சொல்லாகவும் 'டிவைட்' பள்ளியின் சொல்லாகவும் பிரிந்தன. அத்திட்டத்தைக் கைவிட அரசு முடிவெடுத்தது 2009 ஜூலையில். 2016இல் இருமொழித் திட்டம் வந்தபோது அதே வாக்குவாதம் தமிழ்ப்பள்ளிகளில் மறுபடி கிளம்பியது.

இடைப்பட்ட ஆண்டுகளில் படித்தவர்களில் சிலர் இன்று பெற்றோர். பின்னத்தில் மேலே இருப்பது தொகுதி, கீழே இருப்பது பகுதி என்று அவர்களுக்குப் பிள்ளைதான் சொல்லித்தர வேண்டியிருக்கிறது.