ஊசிக்கும் காலத்துக்கும் நடுவே: கண்ணசைவு நரம்பு வாதமும் கொரிய மருத்துவமும்

காலையில் எழுந்தவருக்குச் சுவர்க் கடிகாரம் இரண்டாகத் தெரிகிறது. ஒரு கண்ணைப் பொத்தினால் ஒன்றாகிவிடுகிறது. கண்ணசைவு நரம்பு வாதம் பெரும்பாலும் இப்படித்தான் தன்னை அறிவிக்கும்.

விழியை அசைப்பவை மூன்று கபால நரம்புகள். மூன்றாவது செயலிழந்தால் இமை தொங்கும். விழி வெளிப்புறமாகவும் கீழாகவும் சாயும். நான்காவது தளர்ந்தால் படியிறங்குவதே பெரும்பாடு. ஆறாவது தளர்ந்தால் விழி மூக்குப் பக்கம் ஒதுங்கும். சர்க்கரை நோயும் இரத்தக் கொதிப்பும் உள்ள முதியவர்களிடம், நரம்புக்கு இரத்தமூட்டும் நுண்குழாய்கள் பழுதாவதே இதற்குப் பொதுவான காரணம்.

தென்கொரியாவில் இந்நோயாளி நவீன மருத்துவம், மரபு மருத்துவம் என்ற இரண்டு வாசல்களில் ஒன்றைத் தட்டலாம். 1951இன் மருத்துவச் சட்டம் மரபு மருத்துவர்களுக்கும் தனி உரிமம் தந்தது; அவர்கள் ஆறாண்டு படிக்கிறார்கள்; 1987 முதல் அக்குபங்சருக்குத் தேசியக் காப்பீடும் உண்டு. ஹோ ஜூன் என்ற மருத்துவர் 1610இல் எழுதி முடித்து 1613இல் அச்சேறிய ‘தோங்உய் போகம்’ என்னும் மருத்துவ நூல் கண்ணுக்கெனத் தனிப் பகுதியே கொண்டது. இன்றைய மருத்துவர் புருவத்தின் உள்முனை, நெற்றிப்பொட்டு, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடைப்பட்ட மேடு ஆகிய இடங்களில் ஊசியிடுகிறார். மூலிகைக் கஷாயமும் தருகிறார். சிலர் மூலிகைச் சாற்றை ஊசிவழியே செலுத்துவதும் உண்டு.

பலன் கிடைத்ததாகக் கொரிய மருத்துவ இதழ்களில் தனிநோயாளி அறிக்கைகள் வருகின்றன. அவற்றை எழுதியவர்களின் நேர்மையை ஐயுற வேண்டியதில்லை. ஐயம் நாள்காட்டியைப் பற்றியது. நுண்குழாய்ப் பழுதால் வந்த வாதம் சுமார் மூன்று மாதங்களில் பெரும்பாலும் தானாகவே தெளிகிறது. ஆறாம் வாரத்தில் இமை உயர்ந்தால் உயர்த்தியது ஊசியா, காலமா? ஒப்பிட ஆளில்லாத அறிக்கையால் இதற்கு விடை தர முடியாது. முகவாதத்திலும் இதே சிக்கல்தான்: அக்குபங்சர் பற்றிய 2010ஆம் ஆண்டுக் காக்ரேன் அமைப்பின் மறுஆய்வு, சோதனைகளின் தரம் போதாதென்று முடிவு சொல்லாமல் நின்றது.

ஒரு விஷயத்தில் மட்டும் காத்திருக்க இடமே இல்லை. மூன்றாம் நரம்பு வாதத்தோடு கண்மணியும் விரிந்திருந்தால், மூளைத் தமனி புடைத்து நரம்பை அழுத்திக்கொண்டிருக்கலாம். அது வெடித்தால் உயிருக்கே ஆபத்து. அங்கே முதலில் வேண்டியது இரத்தக்குழாய் ஸ்கேன், ஊசி பிறகுதான். கண்ணோரத்தில் ஆழமாகக் குத்தினால் குழிக்குள் இரத்தம் கசியலாம் என்பதால், இரத்தம் உறையாமலிருக்க மருந்து உண்பவரிடம் கூடுதல் கவனம் தேவை.

ஊசியின் வலிமையை அறிய உண்மையிலேயே விரும்புகிறவர்கள், ஆறு மாதம் கடந்தும் தெளியாதவர்களிடம் போக வேண்டும். இயற்கை ஏறக்குறைய கைவிட்ட கட்டம் அது. பட்டகக் கண்ணாடியும் மாறுகண் அறுவையுமே அப்போது எஞ்சியிருக்கும் வழிகள். அவர்களைக் குலுக்கல் முறையில் இரு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மட்டும் ஊசியிட்டு, விழி விலகலைப் பட்டகத்தால் மாதந்தோறும் அளக்கலாம். அளப்பவருக்கு யார் எந்தக் குழு என்பது தெரியக்கூடாது. இரு மருத்துவங்களும் ஒரே கூரையின் கீழ் இயங்கும் பல்கலைக்கழக மருத்துவமனைகள் சியோலில் ஏற்கெனவே உள்ளன.