கார் பிரேக் பேட்... பத்து பேர் சேர்ந்து வாங்கினா விலை குறையுமா? விழுப்புரம், திண்டிவனம் கார் ஓனர்கள் கவனிக்க வேண்டியவை

ஒரே மாடல் கார் வைத்திருக்கும் பத்து பேர் சேர்ந்து பிரேக் பேட் வாங்கினால், கடைக்காரர் தன் லாபத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுப்பார். விழுப்புரம், திண்டிவனத்தில் இருப்பவர்களுக்கு அலைச்சலும் மிச்சம். சென்னை ஜி.பி. ரோட்டுக்கோ புதுச்சேரிக்கோ பத்து பேரும் போக வேண்டாம், ஒருத்தர் போனால் போதும்.

புதுச்சேரியில் வரி கம்மி என்று இன்னும் சிலர் நம்புகிறார்கள். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்த பிறகு ரெண்டு பக்கமும் ஒரே வரிதான்.

தள்ளுபடியா, வரிக் குறைப்பா?

முக்கியமா பார்க்க வேண்டியது இதுதான். கார் பிரேக் பாகங்களுக்கு 28% ஆக இருந்த ஜிஎஸ்டி, 2025 செப்டம்பர் 22 முதல் 18% ஆகிவிட்டது. வரி சேர்க்காமல் 2,000 ரூபாய் உள்ள பொருளுக்கு முன்பு 2,560 ரூபாய், இப்போது 2,360 ரூபாய். அதாவது கிட்டத்தட்ட 8% குறைய வேண்டும். பழைய எம்.ஆர்.பி. அச்சிட்ட டப்பாவைக் காட்டி "உங்களுக்காக 8% தள்ளுபடி" என்றால், கடைக்காரர் எதையும் குறைக்கவில்லை என்று அர்த்தம். புது விலையிலிருந்து எவ்வளவு குறைப்பீங்க என்று கேளுங்கள்.

"பில் வேண்டாம்னா இன்னும் குறைக்கலாம்" என்ற பேச்சும் வரும். வேண்டவே வேண்டாம். பிரேக் பேடில் போலி நிறைய புழங்குகிறது. பில் இல்லாமல் வாங்கிய போலியைப் பிறகு எந்தக் கடைக்காரரும் தன்னுடையது என்று ஒத்துக்கொள்ள மாட்டார். டிவிஎஸ் கர்லிங் பிராண்டைத் தயாரிக்கும், 1962-ல் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியா, ராணே குழுமம் எல்லாம் சென்னைக் கம்பெனிகள்தான். அவர்களின் அங்கீகரிக்கப்பட்ட டீலர் யார் என்று விசாரித்து அங்கே போகலாம்.

ஆர்டர் எடுப்பது எப்படி?

மாடல் பெயரை மட்டும் வைத்து ஆர்டர் போடக்கூடாது. ஒரே காரில்கூட வருஷத்துக்கு, வேரியன்ட்டுக்கு ஏற்ப பேட் மாறும். எனவே ஒவ்வொருவரின் சேசிஸ் நம்பரையும் கொடுத்து பார்ட் நம்பரை உறுதி செய்ய வேண்டும். முன்பக்க ரெண்டு சக்கரத்துக்கும் சேர்த்து நாலு பேட் கொண்டது ஒரு செட். "நான் ஒரு பக்கம் மட்டும் மாத்திக்கிறேன், பாதி செட் போதும்" என்று ரெண்டு பேர் பங்கு போட்டால், பிரேக் அடிக்கும்போது வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். டிஸ்க்கும் மாற்றணுமா என்று மெக்கானிக்கிடம் முன்பே அளந்து பார்த்துவிடுங்கள். குறைந்தபட்ச தடிமன் பெரும்பாலும் டிஸ்க்கிலேயே பொறிக்கப்பட்டிருக்கும்.

பிரேக் ஆயிலில் மட்டும் கூட்டு வேண்டாம். பெரிய டின் வாங்கிப் பாட்டிலில் பிரித்துக்கொண்டால் காற்றிலுள்ள ஈரத்தை அது உறிஞ்சிவிடும். சூடாகும்போது அந்த ஈரம் ஆவியாகி, மிதித்தாலும் பிரேக் பிடிக்காமல் போகலாம். ஆளுக்கு ஒரு சீல் உடையாத சின்ன டின் வாங்குங்கள். டாட் 3-ஆ டாட் 4-ஆ என்பது மூடியிலேயே எழுதியிருக்கும்.

பணம் யார் கையில்?

ஒருத்தர் அக்கவுண்ட்டில் எல்லோரும் பணம் போடுவதால்தான் நண்பர்களுக்குள் சண்டை வருகிறது. முதலில் கடையில் எழுத்தில் கொட்டேஷன் வாங்குங்கள். அப்புறம் அவரவர் பணத்தை அவரவரே கடையின் அக்கவுண்ட்டுக்கு அனுப்பி, தனித்தனி பில் கேளுங்கள். நாளைக்கு ஒரு செட் சரியில்லை என்றால், அந்த ஓனரே நேரடியாக மாற்றிக் கேட்க முடியும். கடை மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் சொல்லலாம்.


புது பேட் போட்டதும் முதல் 200, 300 கிலோமீட்டருக்கு அவசரம் இல்லாமல் திடீர் பிரேக் அடிக்காமல் ஓட்டுங்கள். பேட் டிஸ்க்கோடு பதிந்து உட்கார அவ்வளவு தூரமாவது ஆகும்.