ஒரு சக்கரம் மட்டும் சுற்றினால்

போன மாதம் என் மைத்துனர் மகன் வீட்டுக்கு வந்தான். பண்ணைக்காட்டில் அவனுக்கு நாலு ஏக்கர் காப்பி, ஊடே மிளகு, கொஞ்சம் மலைவாழை. அப்பா காலத்து ஜீப்பை விற்றுவிட்டுப் புது வண்டி எடுக்கப் போகிறானாம். காப்பியைக் குடித்துவிட்டு மெதுவாகக் கேட்டான்.

"மாமா, ஒரே வண்டியில ரெண்டு வகை சொல்றாங்க. ஒண்ணுல டிஃபரன்ஷியல் லாக் இருக்கு, ஒண்ணுல இல்ல. லாக் உள்ளது விலை ஜாஸ்தி. கடன்ல எடுக்கிற வண்டி. தினசரி ஓட்டத்துக்கு அது வேணுமா?"

நான் மெக்கானிக் இல்லை. புதுச்சேரியில் அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தவன். அதில் பல வருடங்கள் வாகனப் பிரிவு. கிரவுன் பினியன் என்ற பொருளைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே அதை மாற்றிய பில்களை நூற்றுக்கணக்கில் சரிபார்த்தவன். ஆனால் அவன் கேட்ட கேள்வி எனக்கு நாற்பது வருடமாகத் தெரிந்த கேள்வி. ஏன் என்று பிறகு சொல்கிறேன். முதலில் இந்தப் பூட்டு எதைப் பூட்டுகிறது என்று பார்ப்போம்.

மாட்டு வண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் அச்சு சுழலாது. சக்கரங்கள் இரண்டும் அச்சின் முனையில் தனித்தனியே சுழலும். வண்டி திரும்பும்போது வெளிச்சக்கரம் அதிக தூரம் ஓடும், உட்சக்கரம் குறைவாக ஓடும், ஒன்றுக்கொன்று தகராறு இல்லை. இழுப்பது மாடு, சக்கரத்துக்கு வேலை உருள்வது மட்டும்தான். தேர் முனை திரும்பும்போது ஒரு பக்கச் சக்கரத்துக்கு மட்டும் முட்டுக்கட்டை கொடுப்பார்கள். ஒரு பக்கம் தயங்க, மறுபக்கம் ஓட, தேர் திரும்பும். இதெல்லாம் நம் ஆட்களுக்குத் தெரிந்த வித்தை.

எஞ்சின் வந்தபோதுதான் சிக்கல் வந்தது. எஞ்சின் அச்சைச் சுற்றினால் இரண்டு சக்கரமும் ஒரே வேகத்தில்தான் சுற்றும். நேர் ரோட்டில் பரவாயில்லை. வளைவில்? ஜீப்பின் இரண்டு சக்கரங்களுக்கும் இடையே ஏறக்குறைய ஒன்றேகால் மீட்டர். முழுதாகத் திரும்பும் ஒரு கொண்டை ஊசி வளைவில் வெளிச்சக்கரம் உட்சக்கரத்தைவிட சுமார் 4 மீட்டர் கூடுதலாக ஓடியாக வேண்டும். வளைவு சிறியதோ பெரியதோ, இந்தக் கணக்கு மாறாது. அச்சு இறுகியிருந்தால் அந்த 4 மீட்டரையும் ஏதாவது ஒரு டயர் தேய்த்துத்தான் தீர்க்க வேண்டும்.

இதற்கு வழி கண்டவர்களில் முக்கியமானவர் ஒரு பிரெஞ்சுக்காரர். நான் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் பெருமைக்காகச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம், வரலாறு அப்படித்தான் இருக்கிறது. அதற்கு முன்பே, 1770-ஐ ஒட்டி, க்யூன்யோ என்ற ராணுவப் பொறியாளர் நீராவியால் ஓடும் மூன்று சக்கர வண்டி செய்தார். பாரிசில் கலை-தொழில் அருங்காட்சியகத்தில் அது இன்றும் இருக்கிறது. மகள் வீட்டுக்குப் போனபோது பார்த்தேன். அதில் எஞ்சின் சுற்றுவது முன்னால் உள்ள ஒற்றைச் சக்கரத்தை. சக்கரம் ஒன்றுதான் என்பதால் தகராறுக்கே இடமில்லை. இரண்டு சக்கரத்தைச் சுற்ற வேண்டும் என்று வந்தபோது, 1827-28 வாக்கில், அதே பாரிசில் ஒனெசிஃபோர் பெக்கர் என்ற கடிகாரத் தொழிலாளி தன் நீராவி வண்டிக்காக ஒரு பல்சக்கர ஏற்பாட்டுக்குக் காப்புரிமை பெற்றார். அச்சை நடுவில் இரண்டாக வெட்டி, வெட்டிய இடத்தில் சிறு பல்சக்கரங்களை வைத்தார். ஒரு பக்கம் வேகம் குறைந்தால் குறைந்த அளவு மறுபக்கத்துக்குப் போய்ச் சேரும். அதுதான் டிஃபரன்ஷியல். பள்ளியில் எங்களுக்கு இந்தப் பின் அச்சின் பிரெஞ்சுப் பெயர் சொல்லிக்கொடுத்தது நினைவிருக்கிறது: 'போன் அரியேர்', அதாவது பின்பாலம். இரண்டு சக்கரங்களுக்கு நடுவே ஒரு பாலம். நல்ல பெயர்.

ஆனால் இந்தப் பாலத்துக்கு ஒரு குணம் உண்டு. இரண்டு பக்கமும் சமமாகத்தான் கொடுக்கும். ஒரு சக்கரம் சேற்றில் வழுக்கிச் சும்மா சுற்றினால், அதைச் சுற்ற வேண்டிய பலம் மிகக் குறைவு. அந்தக் குறைந்த பலம்தான் கெட்டித் தரையில் நிற்கும் மறு சக்கரத்துக்கும் கிடைக்கும். ஆகவே வழுக்கும் சக்கரம் விர்ரென்று சுற்றும், நல்ல சக்கரம் அசையாமல் நிற்கும், வண்டி இருந்த இடத்திலேயே இருக்கும். பூட்டு என்பது இந்தக் குணத்தைக் கொஞ்ச நேரத்துக்கு நிறுத்திவைப்பது. வெட்டிய அச்சைத் திரும்ப ஒட்டிவிடுகிறது. இரண்டு சக்கரமும் சேர்ந்து சுற்றும்.

இனி நான் தள்ளிவைத்த விஷயத்துக்கு வருகிறேன்.

1986. தீபாவளி முடிந்த வாரம், லீவில் பண்ணைக்காட்டில் இருந்தேன். மூன்று நாளாக விடாத மழை. ராத்திரி பத்து மணிக்கு மாமனாருக்கு நெஞ்சுவலி. ஊர் டிரைவர் ஜீப்பை எடுத்துக்கொண்டு தோட்டத்து வீட்டுக்கே வந்துவிட்டார். அங்கிருந்து மெயின் ரோட்டுக்கு அப்போது வெறும் மண்பாதை. பாதி ஏறியதும் இடது பின்சக்கரம் ஓரத்து ஓடையில் இறங்கியது. ஃபோர் வீல் போட்டார். முன்னால் ஒரு சக்கரம் ஈரப் பாறையில் வழுக்கியது, பின்னால் ஒரு சக்கரம் சேற்றில் சுற்றியது. நாலு சக்கரத்துக்கும் பலம் போகிறது என்று பெயர், இரண்டு சக்கரம் பம்பரமாகச் சுற்ற மற்ற இரண்டும் வேடிக்கை பார்த்தன.

"மாப்ளே, நீங்க எறங்கிப் பின்னால நின்னு தள்ளுங்க" என்றார். பிறகு அவர் செய்த ஒன்றை அன்றுதான் பார்த்தேன். ஆக்சிலேட்டரை மிதித்துக்கொண்டே இடது காலால் பிரேக்கையும் லேசாக அழுத்தினார். சும்மா சுற்றும் சக்கரத்தை பிரேக் கொஞ்சம் பிடித்தால், அதைச் சுற்றக் கூடுதல் பலம் வேண்டும். அதே அளவு பலம் நின்ற சக்கரத்துக்கும் போகும். ஹேண்ட் பிரேக்கால் இது ஆகாது. அந்தக் கால ஜீப்பில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இல்லை, கியர் பெட்டிக்குப் பின்னால் தண்டில் இருந்தது. வண்டி இரண்டு முறை முன்னால் அசைந்து திரும்ப இறங்கியது. கல் பொறுக்கிப் போட்டோம், கிளை வெட்டிப் போட்டோம். கடைசியில் பின்சக்கரத்தில் சங்கிலி சுற்றித்தான் ஏறியது. அதற்குள் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். ஊத்து வழியாக மலை இறங்கி வத்தலக்குண்டு போய்ச் சேரும்போது மாமா இல்லை. "முன்னாலயே வந்திருந்தாலும் உறுதியா எதுவும் சொல்ல முடியாது" என்றார் டாக்டர். அது எங்களுக்கு ஆறுதலாகவும் இருந்தது, ஆறுதல் இல்லாமலும் இருந்தது.

அந்த வலது பின்சக்கரம் கெட்டித் தரையில்தான் நின்றது. பூட்டு இருந்திருந்தால் ஏறியிருக்கும் என்றே நினைக்கிறேன்.

அப்போது உலகத்தில் பூட்டு இல்லாமல் இல்லை. 1935-ல் ஜெர்மனியில் ஃபெர்டினான்ட் போர்ஷே, பந்தயக் காரில் ஒரு சக்கரம் சுற்றி வீணாவதைத் தடுக்க, பாதி அளவு பூட்டும் டிஃபரன்ஷியல் ஒன்றை ஒரு பல்சக்கரக் கம்பெனியிடம் செய்யச் சொன்னார். இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்க ராணுவ லாரிகளில் தானே பூட்டிக்கொள்ளும் டிஃபரன்ஷியல் இருந்தது. ஆனால் அதே போருக்காக 1941-ல் வந்த வில்லிஸ் ஜீப்பில் முன்னும் பின்னும் சாதா டிஃபரன்ஷியல்தான். எடை குறைவு, விலை குறைவு, இறங்கித் தள்ள நாலு சிப்பாய்கள் உண்டு. சுதந்திரத்தை ஒட்டி மகிந்திரா பம்பாயில் அந்த வில்லிஸ் ஜீப்பைக் கோர்த்து விற்க ஆரம்பித்தது. மலையில் குதிரை சுமந்த மூட்டைகளை ஜீப் சுமக்க ஆரம்பித்தது. சிப்பாய்கள் தள்ளிய இடத்தில் தோட்டத்து ஆட்கள் தள்ளினார்கள்.

நம் ஊரில் பூட்டை முதலில் பழகியவர்கள் கார்க்காரர்கள் அல்ல, டிராக்டர்காரர்கள். 1960-ல் சென்னையில் டாஃபே கம்பெனி தொடங்கியது, மாசி ஃபெர்குசன் டிராக்டர்கள் வந்தன. பாகூர் பக்கம் சேற்றுழவில் ஒரு சக்கரம் புதைந்தால் டிரைவர் காலருகே உள்ள ஒரு பெடலை மிதிப்பார். பூட்டு விழும், டிராக்டர் ஏறும், காலை எடுத்துவிடுவார். பூட்டோடு திருப்பக் கூடாது என்பது டிராக்டர் ஓட்டுபவன் கற்கும் முதல் பாடங்களில் ஒன்று. திருப்பினால் டிராக்டர் நேராகவே போகப் பார்க்கும், உள்ளே எதாவது உடையும். பூட்டின் முழு ஞானமும் அந்தப் பெடலில் இருக்கிறது: தேவைப்படும்போது மிதி, வேலை முடிந்தால் காலை எடு.

சரி, பனியில்? நம் மலையில் பனி என்றால் மார்கழி, தையில் கொடைக்கானல் ஏரிக்கரைப் புல்லில் விழும் உறைபனிதான். பண்ணைக்காடு அதைவிடத் தாழ்வு, இங்கே அதுவும் அபூர்வம். மெய்யான பனியில் வண்டி ஓட்டுபவள் என் மகள். கிரனோபிள் நகரில் இருக்கிறாள், சுற்றிலும் ஆல்ப்ஸ். அவளிடம் போனில் கேட்டேன். "லாக்கா? என் வண்டியில அதெல்லாம் இல்லப்பா. சாதா முன்சக்கர வண்டி. டயர் மாத்துவேன், அவ்வளவுதான்" என்றாள்.

அவள் சொன்னது சட்டமும்கூட. 2021 நவம்பர் 1 முதல் பிரான்சின் மலை மாவட்டங்களில், நவம்பர் தொடங்கி மார்ச் முடிய, குறிப்பிட்ட ஊர்களுக்குள் போக வேண்டுமானால் குளிர்கால டயர் நாலு இருக்க வேண்டும், அல்லது வண்டியில் சங்கிலி இருக்க வேண்டும். அவள் இருக்கும் இசேர் மாவட்டமும் அதில் சேர்த்தி. டிஃபரன்ஷியல் பற்றிச் சட்டத்தில் பேச்சே இல்லை. சாதாரண டயரின் ரப்பர் குளிரில் விறைத்துவிடும். குளிர்கால டயர் இளக்கமாகவே இருந்து தரையைப் பிடிக்கும்.

காரணம் யோசித்தால் புரிகிறது. பூட்டு வண்டியைக் கிளப்ப உதவும், நிறுத்த உதவாது. டயர் இரண்டுக்கும் உதவும். தவிர, வழுக்கும் ரோட்டில் எப்போதும் பூட்டியே இருக்கும் பின் அச்சு ஆபத்து. சாதா டிஃபரன்ஷியலில் ஒரு சக்கரம் சுற்றினாலும் மறு சக்கரம் சும்மா உருண்டுகொண்டு வண்டியின் வாலை நேராகப் பிடித்துக்கொள்ளும். பூட்டினால் இரண்டும் ஒரே நேரத்தில் பிடி விடும், வால் ரோட்டின் சரிவுப் பக்கம் இறங்கும். ஆல்ப்ஸ் பனிக்கு மட்டும் அல்ல, ஐப்பசி மழையில் எண்ணெய் படிந்த நம் மலை ரோட்டு வளைவுக்கும் இது பொருந்தும். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம்.

இப்போது வரும் வண்டிகளில் அந்தப் பயத்தையும் யோசித்திருக்கிறார்கள். தார், பொலேரோ நியோ ஆகியவற்றின் சில வகைகளில் உள்ள பூட்டுக்குப் பெடலோ சுவிட்சோ கிடையாது. ஒரு சக்கரம் மற்றதைவிட நிமிடத்துக்கு நூறு சுற்று போல அதிகமாகச் சுற்றினால் தானாகப் பூட்டும். வேகம் முப்பது கிலோமீட்டரைத் தாண்டினால் பூட்டாது. இன்னும் சில வண்டிகளில் வழுக்கும் சக்கரத்தை மட்டும் கம்ப்யூட்டர் பிரேக் போட்டுப் பிடிக்கிறது. கேட்டதும் எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. அன்று ராத்திரி எங்கள் டிரைவர் இடது காலால் செய்ததும் அதுதானே.

மைத்துனர் மகனிடம் கடைசியில் இப்படிச் சொன்னேன்:

"தம்பி, பண்ணைக்காட்டிலிருந்து வத்தலக்குண்டுக்கும் கொடைக்கானலுக்கும் தார் ரோட்டில் போய்வர மட்டும் என்றால் அந்தப் பூட்டு வேண்டாம். வருடம் முழுக்க ஒருமுறைகூடப் பூட்டாது. அந்தப் பணத்தில் நல்ல டயர் போடு. ஆனால் உன் தோட்டத்துப் பாதை இன்னும் மண்பாதைதான். காப்பிப் பழ மூட்டையோடு மழையில் ஏறப் போகிறாய். நீ பார்த்திருக்கும் வண்டி பின்சக்கரத்தில் மட்டும் ஓடுவது. அந்தக் கடைசி அரை மைலுக்காக வாங்கு. அந்த அரை மைலில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும்."

அவனுக்கும் தெரியும். அவன் தாத்தா கதைதானே. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான்.

பூட்டு உள்ளதையே பதிந்திருக்கிறான். ஒரு நிபந்தனை போட்டிருக்கிறேன்: டயர் தேய்ந்தால் 'பூட்டு இருக்கே' என்று ஒரு மழைக்காலம்கூட தள்ளிப்போடக் கூடாது. "சரி மாமா" என்றிருக்கிறான். வண்டி வந்ததும் முதல் வேலையாக டயர் போட்ட தேதியை எழுதிவைக்க ஒரு நோட்டு கொடுப்பதாக இருக்கிறேன். வாகனப் பிரிவுக் குமாஸ்தாவிடமிருந்து வேறு என்ன சீர் எதிர்பார்க்க முடியும்?