220லிருந்து வயதைக் கழித்தால்...

போன வருடம் ஜனவரியில், ஊரில் எல்லோருக்கும் வருவது போல எனக்கும் ஞானோதயம் வந்தது. புனேயில் எங்கள் அலுவலகக் கட்டிடத்தின் கீழ்த்தளத்தில் இருக்கும் ஜிம்மில் பணத்தைக் கட்டிச் சேர்ந்துவிட்டேன். மூன்றாம் நாள் டிரெட்மில்லில் ஏறி, நடையை மெதுவோட்டமாக்கி நாலு நிமிடம்கூட ஆகியிருக்காது. கையில் கட்டியிருந்த வாட்ச் அதிர ஆரம்பித்தது. பார்த்தால் 181, அதுவும் சிவப்பு நிறத்தில். பக்கத்தில் நின்ற பயிற்சியாளர் பையன் எட்டிப் பார்த்துவிட்டு, "சர், ருக் ஜாயியே!" என்று பதறினான். சுவரில் ஒட்டியிருந்த கலர் கலரான அட்டவணையைக் காட்டினான். 220லிருந்து வயதைக் கழிக்க வேண்டுமாம். எனக்கு அப்போது 42. மிச்சம் 178. ஆக, என் இதயம் அதன் அதிகபட்சத்தைத் தாண்டிவிட்டது.

அன்றைக்கு இறங்கியவன்தான். ஒன்றரை மாதம் அந்தப் பக்கமே போகவில்லை. என் அப்பா 54 வயதில் மாரடைப்பில் போனவர். அந்த வீட்டில் வளர்ந்தவனிடம் போய் "உங்கள் இதயம் எல்லையைத் தாண்டிவிட்டது" என்று சொன்னால் ராத்திரி தூக்கம் எப்படி வரும்?

ஆனால் பொட்டி தட்டிப் பிழைக்கிறவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ஒரு சூத்திரத்தைக் கண்டால், இதை யார் போட்டது, எந்தத் தரவை வைத்துப் போட்டது என்று நோண்டாமல் இருக்க முடியாது. அதிகபட்சம் என்றால் தாண்டவே முடியக் கூடாது. நான் தாண்டியிருக்கிறேன் என்றால் ஒன்று வாட்ச் தப்பு, இல்லை சூத்திரம் தப்பு. அப்படி நோண்டியதில் கிடைத்த கதை இது.

நாடி பிடித்துப் பார்ப்பது நமக்குப் புதிதில்லை. ஆனால் நம் வைத்தியர்கள் மூன்று விரலை வைத்துப் பார்த்தது வாதம், பித்தம், கபம் எப்படி ஓடுகிறது என்பதை. நாடியின் நடைதான் முக்கியம், நிமிடத்துக்கு எத்தனை என்ற கணக்கு அல்ல. மேற்கிலும் ரொம்ப காலம் அப்படித்தான். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலியில் சான்டோரியோ என்ற மருத்துவர் ஒரு ஊசலை வைத்து நாடியை அளந்தார். ஊசல் நாடியோடு ஒத்து ஆடும்வரை நூலைக் கூட்டிக் குறைத்து, கடைசியில் நூலின் நீளத்தைக் குறித்துக் கொள்வார். நாடியை முழம் போட்டு அளந்த மாதிரி! நிமிடக் கணக்கு வந்தது 1707ல். ஜான் ஃபிளாயர் என்ற ஆங்கிலேய மருத்துவர், சரியாக ஒரு நிமிடம் ஓடி நிற்கும் கடிகாரம் ஒன்றைச் செய்யச் சொல்லி, நாடியை எண்ணுவது பற்றிப் புத்தகமே போட்டார்.

இதெல்லாம் படுத்திருக்கும் நோயாளியின் நாடி. ஓடுகிறவனின் நாடியை உட்கார்ந்து ஆராய்ந்தது பிற்பாடுதான். அமெரிக்காவில் ஹார்வர்டில் 'களைப்பு ஆய்வகம்' என்றே ஒன்று இருந்தது (1927ல் தொடங்கி 1947ல் மூடப்பட்டது). அங்கே சிட் ராபின்சன் என்பவர் சிறுவர்கள் முதல் கிழவர்கள் வரை பலரை டிரெட்மில்லில் ஓடவிட்டு, வயது ஏற ஏற அதிகபட்ச இதயத்துடிப்பு குறைகிறது என்று 1938ல் எழுதினார். ஆய்வில் இருந்த எல்லோரும் ஆண்கள் என்பதை ஞாபகம் வைத்துக் கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

அந்தக் காலத்தில் இதய நோயாளிக்கு டாக்டர்கள் எழுதித் தந்த முதல் மருந்து படுக்கை. மாரடைப்பு வந்தவரை வாரக்கணக்கில் அசையவிட மாட்டார்கள். இந்த எண்ணம் ஆட்டம் காணத் தொடங்கியதில் லண்டன் டபுள் டெக்கர் பஸ்களுக்குப் பெரிய பங்கு உண்டு. ஜெரெமி மாரிஸ் என்ற ஆய்வாளர் 1953ல் அந்த பஸ்களின் டிரைவர்களையும் கண்டக்டர்களையும் ஒப்பிட்டு எழுதினார். ஒரே கம்பெனி, ஒரே பஸ். டிரைவர் நாள் பூராவும் உட்கார்ந்திருக்கிறார். கண்டக்டர் டிக்கெட் போட மாடிக்கும் கீழுக்குமாக தினம் நூற்றுக்கணக்கான படிகள் ஏறி இறங்குகிறார். கண்டக்டர்களுக்கு மாரடைப்பு கணிசமாகக் குறைவாக இருந்தது. ஆக, இதயத்தைக் கொஞ்சம் வேலை வாங்குவது நல்லது.

எவ்வளவு வாங்குவது? 1957ல் பின்லாந்தின் மார்ட்டி கார்வோனன் சில மருத்துவ மாணவர்களைச் சில வாரங்கள் ஓடவிட்டுப் பார்த்தார். சும்மா இருக்கும்போதுள்ள துடிப்புக்கும் அதிகபட்சத் துடிப்புக்கும் நடுவே உள்ள இடைவெளியில் ஏறக்குறைய 60 சதவீதத்துக்கு மேல் போனவர்களுக்குத்தான் பலன் தெரிந்தது. இன்றைக்கும் 'கார்வோனன் முறை' என்று சொல்வது இதைத்தான். ஆனால் இந்தக் கணக்கைப் போட அதிகபட்சம் எவ்வளவு என்று தெரிய வேண்டுமே. அதற்காக ஒவ்வொருவரையும் மூச்சு முட்ட ஓடவிட முடியுமா?

இங்கேதான் நம் 220 மேடைக்கு வருகிறது. 1970ஆம் ஆண்டு வாக்கில், அமெரிக்க அரசின் இதயநோய்த் திட்டத்தில் சாமுவேல் ஃபாக்ஸும் வில்லியம் ஹேஸ்கெலும் வேலை பார்த்தார்கள். இதய நோயாளிகள் எவ்வளவு தீவிரமாக உடற்பயிற்சி செய்யலாம் என்பது பற்றி ஒரு கூட்டத்தில் பேச வேண்டியிருந்தது. ஹேஸ்கெல் ஏற்கெனவே வெளிவந்த பத்துச் சொச்சம் ஆய்வுகளிலிருந்து எண்களைத் திரட்டினார். விமானத்தில் போகும்போது அவற்றை ஒரு வரைபடத்தில் புள்ளிகளாக வைத்துப் பார்த்தார்கள். 20 வயதில் 200, 40 வயதில் 180, 60 வயதில் 160 என்று உத்தேசமாக ஒரு கோடு போட முடிந்தது. 220 கழித்தல் வயது. சுலபம், மனக்கணக்காகவே போடலாம். 1971ல் ஒரு கட்டுரையில் அது அச்சாகியது.

அவ்வளவுதான் ஆராய்ச்சி. 2001ல் நியூயார்க் டைம்ஸ் இதைப் பற்றி எழுதியபோது ஹேஸ்கெலே சொல்லியிருக்கிறார்: அந்த ஆய்வுகளில் இருந்தவர்களை மக்கள்தொகையின் மாதிரியாக எடுத்துக் கொள்ளவே முடியாது, இது எல்லோரையும் கட்டிப்போடும் சட்டமாக வேண்டும் என்று நாங்கள் நினைக்கவும் இல்லை என்று. 2002ல் ராபர்க்ஸ், லேண்ட்வெர் என்ற இருவர் இந்தச் சூத்திரத்துக்கு மூலமான ஆய்வைத் தேடிப் போனார்கள். அப்படி ஒன்று இல்லவே இல்லை. 1971 கட்டுரையின் புள்ளிகளை எடுத்து முறைப்படி கோடு போட்டால் 220கூட வரவில்லை, சுமார் 215தான் வந்தது.

அப்புறம் எப்படி இது உலகம் பூரா பரவியது? சுலபமாக இருந்தது என்பது ஒன்று. காலம் கூடி வந்தது இன்னொன்று. அமெரிக்க விமானப்படை டாக்டர் கென்னத் கூப்பரின் 'ஏரோபிக்ஸ்' புத்தகம் 1968ல் வெளிவந்து, ஜனங்கள் ஓட ஆரம்பித்திருந்தார்கள். 1977ல் பின்லாந்தில் போலார் கம்பெனி தொடங்கி, 1982ல் கம்பியில்லாமல் துடிப்பைக் காட்டும் கைக்கருவியை விற்பனைக்குக் கொண்டு வந்தது. கையில் எண் வந்துவிட்டது. அதை எதோடு ஒப்பிடுவது? இருக்கவே இருக்கிறது 220. அட்டவணையாக ஜிம் சுவரில் ஏறியது, டிரெட்மில்லில் ஏறியது, இப்போது வாட்சுக்குள்ளும் உட்கார்ந்திருக்கிறது. விமானத்தில் உத்தேசமாகப் போட்ட கோடு, ஐம்பது வருடம் கழித்து புனேயில் ஒருவனை டிரெட்மில்லிலிருந்து இறக்கிவிட்டது.

திருத்தங்களும் வந்தன. 2001ல் டனாகா குழுவினர் 351 ஆய்வுகளில் இருந்த 18,712 பேரின் தரவைத் திரட்டி, 208லிருந்து வயதின் பத்தில் ஏழு பங்கைக் கழிக்க வேண்டும் என்றார்கள். அறுபது வயதுக்காரருக்கு 160 அல்ல, 166. 2010ல் மார்த்தா குலாட்டி குழுவினர் பெண்களுக்கென்று தனியாகப் பார்த்து, 206லிருந்து வயதின் 0.88 பங்கைக் கழிக்கச் சொன்னார்கள். ராபின்சனின் காலத்திலிருந்து எழுபது வருடம் ஆண்களின் அளவுச் சட்டையைத்தான் பெண்களுக்கும் மாட்டிவிட்டுக் கொண்டிருந்தோம்.

ஆனால் எனக்கு உறைத்தது வேறு விஷயம். 42 வயதுக்குப் பழைய சூத்திரம், டனாகா சூத்திரம் இரண்டும் கிட்டத்தட்ட 178தான் தருகின்றன. அப்படியானால் என் 181? எந்தச் சூத்திரமும் சராசரியைத்தான் சொல்கிறது. அதைச் சுற்றி 10 துடிப்பு அளவுக்குத் திட்ட விலக்கம் இருக்கிறது. அதாவது 42 வயதுக்காரர்கள் ஆறு பேரை நிறுத்தினால், ஒருவருடைய உண்மையான அதிகபட்சம் 188க்கு மேலேயும், ஒருவருடையது 168க்குக் கீழேயும் இருக்கும். சராசரி உயரம் ஐந்தரை அடி என்பதால் ஆறடி ஆளைப் பார்த்து "எல்லையைத் தாண்டிவிட்டாய்" என்று யாராவது பதறுவார்களா?

புதிதாக ஓடுகிறவனுக்குத் துடிப்பு எகிறுவதற்கும் எளிய காரணம் உண்டு. சும்மா இருக்கும்போது உடம்புக்கு நிமிடத்துக்கு ஐந்து லிட்டர் ரத்தம் வேண்டும். பழகாத இதயம் ஒரு துடிப்பில் 70 மில்லி தள்ளினால் 72 முறை துடிக்க வேண்டும். பழகிய இதயம் 100 மில்லி தள்ளும். 50 முறை போதும். ஓடும்போது தேவை மூன்று நான்கு மடங்காகிறது. சின்னச் சொம்பு வைத்திருப்பவன் அதிக தடவை மொண்டு ஊற்றத்தான் வேண்டும். பயிற்சியில் சொம்புதான் பெரிசாகிறது. அதிகபட்சத் துடிப்பு கூடுவதில்லை. இது போக வெயில், தண்ணீர் குடிக்காதது, தூக்கமின்மை, காபி, ரத்தசோகை, தைராய்டு எல்லாமே துடிப்பை ஏற்றும். வாட்ச்கூடச் சில சமயம் நாடியை விட்டுவிட்டு, நம் காலடிகளை எண்ணிக் கொண்டிருக்கும்.

அதற்காக, எண்ணைத் தூக்கி எறிந்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு ஓடலாம் என்று சொல்லவில்லை. ஓட்டத்தைப் பற்றி 1977ல் புத்தகம் எழுதி அமெரிக்காவையே ஓடவைத்த ஜிம் ஃபிக்ஸ், 1984ல் ஓட்டம் முடிந்த கையோடு விழுந்து இறந்தார். வயது 52. இதய ரத்தக்குழாய்களில் கடுமையான அடைப்பு. அவருடைய அப்பாவுக்கு 35 வயதில் முதல் மாரடைப்பு, 43ல் மரணம். ரத்தக்குழாய்க்குள் என்ன இருக்கிறது என்று துடிப்பு எண் சொல்லாது, அது 150 ஆனாலும் 190 ஆனாலும்.

இதைப் படித்த மறுநாள்தான் நான் டாக்டரிடம் போனேன். டி.எம்.டி. எழுதினார். சியாட்டிலில் ராபர்ட் புரூஸ் 1963ல் வகுத்த முறை அது; மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வேகமும் சரிவும் ஏறும், கூடவே இ.சி.ஜி. ஓடும். 151 வந்ததும் டெக்னீஷியன் நிறுத்தப் பார்த்தார். ஏன் 151? 178ல் 85 சதவீதம்! அங்கேயும் வந்துவிட்டது 220. டாக்டர் கோட்டைப் பார்த்துவிட்டு, "முடிகிறவரை ஓடட்டும்" என்றார். 191ல் கால் தளர்ந்து நின்றேன். இ.சி.ஜி.யில் கோளாறு ஒன்றுமில்லை. அவர் பார்த்த இன்னொரு விஷயம், நின்ற முதல் நிமிடத்தில் துடிப்பு எவ்வளவு இறங்குகிறது என்பது. பன்னிரண்டோ அதற்குக் குறைவாகவோதான் இறங்கினால் கவனிக்க வேண்டும் என்று 1999ல் ஒரு பெரிய ஆய்வு வந்ததாம். எனக்கு 26 இறங்கியது.

அப்பா நினைவுக்கு வந்தார். மாடிப்படி ஏறினால் நெஞ்சு படபடக்கிறது என்று மாடி வீட்டைக் காலி செய்துவிட்டுக் கீழ் வீட்டுக்கு மாறியவர். அப்புறம் கடைத்தெருவுக்குக்கூட ஸ்கூட்டர்தான். டாக்டரிடமும் போகவில்லை, நடக்கவும் இல்லை. முதலாவதைச் செய்திருந்தால் இரண்டாவதைத் தைரியமாகச் செய்திருப்பார். 1984ல் சியாட்டிலில் சிஸ்கோவிக் குழுவினர் ஆண்களிடம் ஒரு ஆய்வு செய்தார்கள். கடுமையாக உழைக்கும் அந்த நேரத்தில் இதயம் திடீரென நின்றுபோகும் ஆபத்து எல்லோருக்கும் கூடுகிறது. பழகாதவர்களுக்கு ரொம்பவே கூடுகிறது. ஆனால் மொத்தத்தில் பார்த்தால், வழக்கமாகப் பயிற்சி செய்கிறவர்களின் ஆபத்து உட்கார்ந்தே இருப்பவர்களுடையதில் 40 சதவீதம்தான்.

ஆகவே புதிதாகச் சேர்கிறவர்களுக்கு: வீட்டில் இதய நோய் இருந்தாலோ, சர்க்கரை, ரத்த அழுத்தம், புகைப்பழக்கம் இருந்தாலோ முதலில் டாக்டர். நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, கண் இருட்டுவது, தாளம் தப்பிய துடிப்பு, இதில் எது வந்தாலும் வாட்ச் என்ன சொன்னாலும் நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இது எதுவும் இல்லையென்றால் மெதுவாகத் தொடங்குங்கள். சுவீடனின் குன்னார் போர்க் என்ற உளவியலாளர், எவ்வளவு சிரமமாக இருக்கிறது என்று ஓடுகிறவனையே கேட்டு 6 முதல் 20 வரை மார்க் போடும் முறையை 1960களிலேயே கொண்டு வந்தார். பத்தால் பெருக்கினால் உத்தேசமாகத் துடிப்பு வரும். அதைவிடச் சுலபமான வழி, பேச்சு. முழு வாக்கியமாகப் பேச முடிந்தால் வேகம் சரி. வார்த்தை வார்த்தையாகத்தான் வருகிறதென்றால் குறையுங்கள்.

ஏழு மாதம் ஆகிறது. முதல் நாள் ஓடிய அதே வேகத்தில் இப்போது 158. அட்டவணை இன்னும் சுவரில்தான் இருக்கிறது. போன வாரம் புதிதாகச் சேர்ந்த ஒருவர் பாதியில் இறங்கி, வாட்சையே வெறித்துக் கொண்டு நின்றார். பயிற்சியாளர் பையன் என்னைப் பார்த்தான். நான் அவரிடம் போய் வீட்டில் யாருக்காவது இதய நோய் உண்டா என்று கேட்டேன். இல்லை என்றார். சரி வாருங்கள், கொஞ்சம் நடந்துகொண்டே பேசலாம் என்றேன்.